விலக்கிலிருந்து வீடு வரை

தென்மாவட்டப் பேருந்துகளில் போகிறவர்களுக்கு 'விலக்கு' என்ற சொல் நன்றாகத் தெரியும். கொங்குப் பக்கம் அதையே 'பிரிவு' என்பார்கள். தஞ்சைப் பக்கம் 'கைகாட்டி'. மூன்றும் குறிப்பது ஒன்றைத்தான்: பெரிய சாலையிலிருந்து ஊர்ச்சாலை கிளம்பும் முனை. ஊரின் பெயரோடு விலக்கு என்று சேர்த்துச் சொன்னால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். ஆனால் இறங்கிப் பார்த்தால் ஊர் அங்கே இருக்காது. இரண்டோ மூன்றோ கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும்.

எங்கள் ஊரும் அப்படித்தான். விலக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர். அங்கே ஒரு புளியமரம், அதை ஒட்டி ஒரு டீக்கடை. காலை ஏழரை மணிக்கு மரத்தடியில் பதினைந்து இருபது சைக்கிள்கள் சேர்ந்துவிடும். மில்லுக்குப் போகிறவர்கள், கடையில் வேலை பார்க்கிறவர்கள், கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் பூட்டைப் போட்டுவிட்டு, சீட்டின் மேல் ஒரு பாலிதீன் பையை மாட்டிவிட்டுப் பேருந்து ஏறுவார்கள். மதியம் நிழல் நகர்ந்து சைக்கிள்கள் வெயிலில் மாட்டிக்கொள்ளும். டீக்கடைக்காரர் எழுந்து வந்து, பூட்டிய பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொன்றாக நிழலுக்குள் உருட்டி வைப்பார். வெயிலில் கிடந்தால் ட்யூபில் போட்ட பழைய ஒட்டு விட்டுக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். இதற்காக அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை.

அந்த மரத்தடியை யாரும் திட்டம் போட்டு அமைக்கவில்லை. ஆனால் உள்ளூர்ப் போக்குவரத்தின் மிகச் சிக்கலான கணக்கு ஒன்றுக்கு அங்கே தினமும் விடை கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒன்பது மடங்கு வட்டம்

ஒரு பேருந்து நிறுத்தம் எத்தனை பேருக்குப் பயன்படும்? பேருந்தின் அளவையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன்னால், நிறுத்தத்துக்கு மக்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாள்தோறும் போய்வருகிற ஒருவர் நிறுத்தத்தை அடையப் பத்து நிமிடம் செலவிடத் தயாராக இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நடைவேகம் மணிக்கு 5 கி.மீ. பத்து நிமிடத்தில் சுமார் 830 மீட்டர் நடக்கலாம். அவசரமில்லாமல் சைக்கிள் மிதித்தால் மணிக்கு 15 கி.மீ. அதே பத்து நிமிடத்தில் இரண்டரை கிலோமீட்டர் வந்துவிடலாம்.

தூரம் மூன்று மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் மக்கள் ஒரு கோட்டின் மேல் குடியிருப்பதில்லை. நிலப்பரப்பில் பரவிக் குடியிருக்கிறார்கள். நிறுத்தத்தை நடுவில் வைத்து இரண்டு வட்டங்கள் போடுங்கள். நடக்கிறவரின் வட்டத்துக்குள் சுமார் 2.2 சதுர கி.மீ. அடங்கும். சைக்கிளில் வருகிறவரின் வட்டத்துக்குள் 19.6 சதுர கி.மீ. அடங்கும். ஆரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே வாய்ப்பாடுதான். சாலைகள் வளைந்து வளைந்து போவதால் உண்மையில் இரண்டு வட்டங்களுமே சுருங்கும். விகிதம் பெரிதாக மாறாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நகரத்துக்குள் நிறுத்தங்கள் அருகருகே இருப்பதால் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும், ஆதாயம் குறையும். நாற்புறமும் வயல் சூழத் தனியாக நிற்கும் விலக்குக்குத்தான் முழு ஒன்பது மடங்கும் கிடைக்கும். சைக்கிளும் பேருந்தும் சேரும் ஏற்பாடு மிக அதிகமாகப் பலன் தரக்கூடிய இடம் கிராமத்து விலக்கும் புறநகரும்தான். ஒரு பேருந்துகூடக் கூடுதலாக வாங்காமல், ஒரு கிலோமீட்டர்கூடப் புதுச்சாலை போடாமல், பேருந்தின் எல்லை இப்படி விரிகிறது.

மூன்று இட்லியும் ஒரு இட்லியும்

அதே கால்கள், அதே மனிதர். சைக்கிளில் ஏறியதும் வேகம் எப்படி மூன்று மடங்காகிறது?

நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடலின் எடை மையம் சற்று மேலே எழுந்து கீழே இறங்குகிறது. முன்காலை ஊன்றும் கணத்தில் உடலுக்கு ஒரு சிறு பிரேக் விழுகிறது. பின்காலால் உந்தி அந்த இழப்பை ஈடுகட்டுகிறோம். நிற்பதற்கே தசைகள் உழைக்கின்றன. சைக்கிளில் உடலின் எடையை சீட் சுமக்கிறது. எடை மையம் ஏறி இறங்காமல் நேராக முன்னோக்கிப் போகிறது. கால்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை சக்கரத்தைச் சுழற்றுவது. காற்று நன்றாக அடித்த டயர் தரையில் உருளும்போது ஏற்படும் தடையோ மிகச் சிறியது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொறியாளர் எஸ்.எஸ். வில்சன் 1973இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதை அளவுகளோடு விளக்கினார். நடக்கும் மனிதன் ஒரு கிராம் உடல் எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த சுமார் 0.75 கலோரி செலவிடுகிறான். சைக்கிளில் போகும்போது 0.15 கலோரி போதும். ஐந்தில் ஒரு பங்கு. அவர் ஒப்பிட்ட விலங்குகள், பறவைகள், இயந்திரங்கள் எல்லாவற்றையும்விடச் சிக்கனமாக நகர்வது சைக்கிளில் செல்லும் மனிதன்தான் என்பது அவரது முடிவு.

இதை நம் சமையலறைக் கணக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் வீட்டிலிருந்து விலக்குக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 145 கிலோ கலோரி செலவாகும். சுமாரான அளவுள்ள மூன்று இட்லி. அதே தூரத்தைச் சைக்கிளில் கடந்தால் 30 கிலோ கலோரி. கனமான பழைய சைக்கிள், குண்டும் குழியுமான சாலை என்று சேர்த்துக்கொண்டாலும் ஒரே ஒரு இட்லியில் முடிந்துவிடும்.

நம் ஊர் வெயிலில் சைக்கிள் மிதித்தால் வேர்த்துக் கொட்டாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மிதமான வேகத்தில் போனால், நிமிடத்துக்கு உடலில் உண்டாகும் வெப்பம் நடக்கும்போது உண்டாவதைவிட அதிகமில்லை. ஆனால் நடை 36 நிமிடம் நீளும். சைக்கிள் 12 நிமிடத்தில் முடியும். போகிற வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்று வியர்வையை உடனுக்குடன் ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்று நின்றுபோவதால்தான், சைக்கிளை விட்டு இறங்கி நின்ற பிறகு வேர்ப்பது அதிகமாகத் தெரிகிறது. கடைசி இருநூறு மீட்டரை மெதுவாக மிதித்து வந்து நிழலில் நின்றால் சட்டை நனையாது.

முழுத் தூரமும் சைக்கிளிலேயே போனால் என்ன?

நகரம் பதினெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது என்றால் அங்கேயே சைக்கிளில் போய்விடலாமே என்று தோன்றலாம். போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தினமும் போகவும் வரவும் அது எல்லோராலும் முடியாது. அதற்குக் காரணம் காற்று.

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சமதரையில் போக 50 முதல் 60 வாட் திறன் போதும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று எடுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவு. அதில் ஏறக்குறைய பாதி டயரின் உருளல் தடைக்கும், மீதி காற்றைத் தள்ளவும் போகிறது. வேகம் கூடும்போது உருளல் தடை பெரிதாக மாறுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்கு. அந்தத் தடையை இரட்டை வேகத்தில் தள்ள வேண்டியிருப்பதால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக 250 வாட்டுக்கு மேல் வேண்டும். பயிற்சி பெற்ற வீரர்கள் அதைச் செய்வார்கள். சோற்றுப் பாத்திரத்தோடு வேலைக்குப் போகிற மனிதரால் முடியாது.

அறிவியல் நமக்குச் சொல்லும் வேலைப் பங்கீடு இதுதான். மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்தை, மெதுவான வேகத்தில், வீட்டு வாசலிலிருந்து நினைத்த நேரத்துக்குக் கடக்கச் சைக்கிளை மிஞ்ச ஒன்றுமில்லை. அதற்கு மேற்பட்ட தூரத்தை வேகமாகக் கடக்க, ஐம்பது பேருக்கும் சேர்த்து ஒரே காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பேருந்து வேண்டும்.

பாதுகாப்பும் இதே பங்கீட்டைத்தான் கேட்கிறது. ஊர்ச்சாலையில் சைக்கிளில் வருவதில் பெரிய ஆபத்தில்லை. லாரிகளும் கார்களும் பறக்கும் நான்குவழிச் சாலையில் சைக்கிளில் போவது உயிரைப் பணயம் வைப்பது. சைக்கிளை விலக்கில் நிறுத்திப் பேருந்தில் ஏறுகிறவர், தன் பயணத்தின் ஆபத்தான பகுதியைப் பேருந்தின் இரும்புக் கூட்டுக்குள் பத்திரமாகக் கடக்கிறார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டம்ளர் டீசல்

இப்போது பேருந்தின் பக்கத்திலிருந்து பார்ப்போம். பேருந்துக்குத் தீராத ஒரு சங்கடம் உண்டு. மக்கள் நடக்கும் தூரம் குறைய வேண்டுமானால் நிறுத்தங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். நிறுத்தங்கள் நெருங்கினால் பேருந்து ஊர்ந்து போகும்.

பதினைந்து கிலோமீட்டர் தடத்தில் 400 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் 37 நிறுத்தம். வேகம் குறைத்து, நின்று, ஏற்றி இறக்கி, மறுபடி வேகமெடுக்க ஒரு நிறுத்தத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் பதினெட்டரை நிமிடம் அதற்கே போய்விடும். கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் ஏழரை நிமிடம்.

எரிபொருளும் வீணாகிறது. பயணிகளோடு சேர்த்து 14 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்து நிற்கும்போது, அதன் இயக்க ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. மறுபடி அதே வேகத்தை எட்ட வேண்டிய ஆற்றலை டீசலில் கணக்கிட்டால், இன்ஜினின் திறனையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஏறக்குறைய 80 மில்லிலிட்டர் வருகிறது. டீக்கடையில் தரும் சின்னக் கண்ணாடி டம்ளர் அளவு. பேருந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு.

இதைவிடப் பெரிய சங்கடம் சுற்றுவழி. ஐந்து ஊர்களின் வாசலுக்கும் ஒரே பேருந்தை அனுப்பினால் அது மெயின் ரோட்டை விட்டு உள்ளே போய், திரும்பி, மறுபடி உள்ளே போய் வர வேண்டும். எல்லா ஊருக்கும் பேருந்து உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு நாலு நடை. காலை எட்டு மணி வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது பதினொன்றுக்கு. அதே பேருந்து மெயின் ரோட்டில் நேராக ஓடினால் எத்தனையோ நடை கூடுதலாக அடிக்கலாம்.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்பதுதான் பயணியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு பத்து நிமிடம். ஆனால் சீராக வருவதில்லையே. நாற்பது நிமிடத்தில் இரண்டு பேருந்துதான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக 5 நிமிடம், 35 நிமிடம் என்ற இடைவெளியில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பேருந்துகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் சராசரிக் காத்திருப்பு பதினைந்தரை நிமிடத்தைத் தாண்டிவிடும். காரணம் எளிது: நாம் நிறுத்தத்துக்கு வரும் நேரம் குறுகிய இடைவெளிக்குள் விழுவதைவிட நீண்ட இடைவெளிக்குள் விழவே வாய்ப்பு அதிகம்.

அரைமணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு இரண்டு பேருந்து ஒட்டி ஒட்டி வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஓட்டுநர்களைத்தான் திட்டுவோம். 1964இல் நியூவெல், பாட்ஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் இதன் காரணத்தைச் சமன்பாடாக எழுதினார்கள். சற்றுத் தாமதமான பேருந்துக்காக நிறுத்தத்தில் கூடுதல் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றுவதில் அது மேலும் தாமதமாகும். பின்னால் வரும் பேருந்துக்கு ஆட்கள் குறைவு. அது சீக்கிரமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். ஒவ்வொரு நிறுத்தமும் இந்தத் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கிறது.

இந்தச் சங்கடங்கள் எல்லாவற்றுக்கும் சைக்கிள் ஒரே நேரத்தில் மருந்தாகிறது. மக்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் சுலபமாக வந்துவிடுவார்கள் என்றால் பேருந்து நேர்வழியில் ஓடலாம், குறைந்த இடங்களில் நிற்கலாம், வேகமாகப் போய்த் திரும்பலாம். போய்த் திரும்ப 100 நிமிடம் ஆகிற தடத்தில் ஐந்து பேருந்து ஓடினால் 20 நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். அதுவே 80 நிமிடமாகக் குறைந்தால் அதே ஐந்து பேருந்தும் 16 நிமிடத்துக்கு ஒன்றாகிவிடும்.

சைக்கிள் மிதிக்க முடியாதவர்களை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. முதியவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் ஆகியோருக்கு ஊர் வாசல்வரை வரும் பேருந்து கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம் அவர்களுக்கு ஒரு கொடை. மிதிக்க முடிந்தவர்கள் விலக்குக்கு வந்துவிட்டால், உள்ளே வரும் மினி பஸ்ஸில் முடியாதவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும்.

ஒரு நாள் கணக்கு

விலக்குக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து நகரத்துக்குப் பதினைந்து. சைக்கிள் 12 நிமிடம். பூட்ட 2 நிமிடம். பேருந்துக்குக் காத்திருக்க 8 நிமிடம். பேருந்தில் 30 நிமிடம். மொத்தம் 52 நிமிடம். மோட்டார் பைக்கில் போனால் 35 நிமிடம் ஆகும். பதினேழு நிமிட வித்தியாசம்.

அந்தப் பதினேழு நிமிடத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம்? போய்வர 36 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் பைக் என்றால் நாளுக்கு 0.8 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 80 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 2,000 ரூபாய். தவணை, காப்பீடு, சர்வீஸ் எல்லாம் தனி. சாதாரணக் கட்டண டவுன் பஸ் ஓடும் தடமாக இருந்து, போகிறவர் பெண்ணாக இருந்தால், சைக்கிளும் பேருந்தும் சேர்ந்த பயணத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்குகிற குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்பது பிள்ளைகளின் பால் செலவு.

காற்றுக்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பைக்கில் போய்வருகிறவர் நாளுக்கு 1.8 கிலோவுக்கு மேல் விடுகிறார். லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் பேருந்தில் 50 பேர் இருந்தால், போகவர ஒருவர் பங்கு 320 கிராம்தான் வரும். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

சைக்கிளையும் பொதுப் போக்குவரத்தையும் இணைக்க உலகில் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன: சைக்கிளை வண்டியிலேயே ஏற்றிச் செல்வது, நிறுத்திவிட்டுச் செல்வது, இறங்கும் இடத்தில் வாடகைக்கு எடுப்பது.

முதல் வழிக்குப் பெயர் பெற்றது அமெரிக்காவின் சியாட்டில். அங்கே 1990களில் நகரப் பேருந்துகளின் முன்பக்கம் மடக்கக்கூடிய இரும்புத் தாங்கிகளைப் பொருத்தினார்கள். ஓட்டுநரின் கண்முன்னே சைக்கிளை ஏற்றி இறக்கலாம் என்பதால் முன்பக்கம். பிறகு அமெரிக்கா முழுக்க அது பரவியது. நம் பழைய மொஃபசல் பேருந்துகளிலும் பின்னால் ஏணியும் மேலே கேரியரும் இருந்தன. காய்கறி மூட்டையோடு சைக்கிளும் மேலேறியது. ஆனால் இந்த வழிக்கு ஒரு வரம்பு உண்டு. தாங்கியில் இரண்டு மூன்று சைக்கிள்தான் நிற்கும். ஒரு விலக்கில் இருபது பேர் சைக்கிளோடு நின்றால் பதினேழு பேருக்கு இடமில்லை.

இரண்டாவது வழிதான் பெருந்திரளுக்கு ஏற்றது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்ட மூன்றடுக்கு நிறுத்தத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கும். முதல் 24 மணி நேரம் கட்டணமில்லை. அந்த நாட்டில் ரயில் ஏற வருகிறவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் சைக்கிளில்தான் வருகிறார்கள். பணக்கார நாடுகளால்தான் இது முடியும் என்று எண்ண வேண்டாம். கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில், 2000ஆம் ஆண்டு தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பேருந்துத் தடங்களின் முனையங்களில் கட்டணமில்லாத சைக்கிள் நிறுத்தங்கள் இருக்கின்றன. ஊர் விளிம்பில் வாழும் உழைப்பாளிகள் சைக்கிளில் வந்து, அங்கே விட்டுவிட்டு நகரத்துக்குள் போகிறார்கள்.

மூன்றாவது வழிக்குச் சீனாவின் ஹாங்சோவைச் சொல்லலாம். அங்கே 2008இல் வாடகைச் சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியது நகரப் பேருந்து நிறுவனமே. பேருந்துக்குக் காட்டும் அட்டையைக் காட்டிச் சைக்கிளை எடுக்கலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம். பேருந்தின் நீட்சியாகவே சைக்கிளை அவர்கள் பார்த்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று கடையில் சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகிய நம் தலைமுறைக்கு இது புதிய யோசனையாகத் தோன்றாது.

நம் கையில் இருப்பவை

தமிழ்நாட்டுக்கு இதில் எதையும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார். 1992 உலகப் பெண்கள் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தப் பெண்களைச் சந்தித்து எழுதினார். பேருந்துக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை, யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற விடுதலையே அவர்கள் பெற்ற பெரிய செல்வம்.

பிறகு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது.

சைக்கிள் கொடுத்தாயிற்று. பேருந்தும் கொடுத்தாயிற்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

பள்ளியில் கிடைத்த சைக்கிள் படிப்பு முடிந்ததும் திண்ணையோரம் சாய்ந்து நிற்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். கல்லூரி நகரத்தில் இருக்கிறது, பேருந்து விலக்கில் நிற்கிறது, விலக்கில் சைக்கிளை விட நம்பிக்கையான இடமில்லை. அதனால் அந்தப் பெண் மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள். அல்லது அப்பாவோ அண்ணனோ பைக்கில் கொண்டுவந்து விடும்வரை காத்திருக்கிறாள். யாரும் வராத நாளில் கல்லூரிக்குப் போவதில்லை.

ஒரு கூரை, ஒரு கம்பி, ஒரு விளக்கு

நகரப் பேருந்து நிலையங்களில் சைக்கிள் ஸ்டாண்டுகள் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் மோட்டார் பைக்குகள் அதை நிறைத்துவிட்டன. சைக்கிளைக் கடைசி வரிசையில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்துவிடுகிறார்கள். ஹேண்டில்பாரும் பெடலும் சிக்கி, ஒன்றை எடுக்க நாலை இழுக்க வேண்டியிருக்கிறது. விலக்குகளிலோ புளியமரம்தான் ஸ்டாண்டு. சாலையை அகலப்படுத்தும்போது அந்த மரமும் போய்விடுகிறது.

ஒரு நல்ல நிறுத்தத்துக்கு என்ன வேண்டும்? ஒரு சைக்கிளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல் இடம். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள் நிற்கும். கவிழ்த்துப்போட்ட 'ப' வடிவ இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றினால் அதன் இருபக்கமும் ஒவ்வொரு சைக்கிளை நிறுத்தலாம். கம்பியோடு சேர்த்துச் சட்டத்தைப் பூட்டினால் தூக்கிக்கொண்டு போக முடியாது. சக்கரத்தில் மட்டும் போடும் பூட்டு அந்தப் பாதுகாப்பைத் தராது.

மேலே ஒரு கூரை அவசியம். ரப்பரை வெயிலின் புறஊதாக் கதிர் வெடிக்கச் செய்யும். மழை சங்கிலியைத் துருப்பிடிக்க வைக்கும். இரவுக்கு ஒரு விளக்கு வேண்டும், அதுவும் மறைவில்லாத இடத்தில், டீக்கடையோ பெட்டிக்கடையோ பார்த்துக்கொண்டிருக்கும் தூரத்தில். கண்காணிப்புக் கேமராவைவிட அந்தக் கடைக்காரரின் கண் மேலானது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நான்குவழிச் சாலைகளில் போகிற பேருந்து ஒரு பக்கமும் வருகிற பேருந்து மறுபக்கமும் நிற்கின்றன. காலையில் நிறுத்திய சைக்கிளை எடுக்க மாலையில் சாலையைக் கடந்தாக வேண்டும். அதனால் சுரங்கப்பாதையோ பாதுகாப்பாகக் கடக்கும் இடமோ அருகில் இருக்கும்படி நிறுத்தம் அமைய வேண்டும். வேகமாக வண்டிகள் வரும் சாலையைக் கடப்பது ஊர்ச்சாலையில் சைக்கிள் ஓட்டுவதைவிட ஆபத்தான வேலை.

பேருந்தின் நேர அட்டவணை ஒன்றையும் அங்கே எழுதி வையுங்கள். அடுத்த பேருந்து எட்டே காலுக்கு என்று தெரிந்தால், வீட்டிலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும் என்பது பிள்ளைக்குத் தெரியும்.

மேம்பாலத்துக்கோ மெட்ரோவுக்கோ ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாத தொகை. ஊராட்சி முனைந்து, நெடுஞ்சாலைத் துறை இடம் கொடுத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

எங்கள் ஊர் டீக்கடைக்காரர் இப்போது இல்லை. புளியமரமும் இல்லை. ஆனால் காலை ஏழரை மணிக்கு இன்றும் அந்த விலக்கில் சிலர் சைக்கிளோடு வந்து, எங்கே சாய்ப்பது என்று ஒரு கணம் சுற்றிப் பார்க்கிறார்கள். உங்கள் ஊர் விலக்கிலும் அப்படி யாராவது நிற்பார்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு போங்கள்: எங்கள் விலக்கில் இருபது சைக்கிள் நிற்க ஒரு கூரை, பூட்ட இரும்புக் கம்பி, இரவுக்கு ஒரு விளக்கு. எழுந்து நின்று வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.